நான்கு பெட்டிகளும் ஒரு சோதனை எடையும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. சிலருக்குக் கதை கனவில் வருகிறதாம், சிலருக்கு மழை பெய்தால் வருகிறதாம். எனக்கு என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வாயில் ஒரு கவளம் இருக்கும்போது வந்தது. தங்கையின் கணவர் தன் கைபேசியை என் தட்டுக்கு மேலே நீட்டி, "மச்சான், இந்த நாப்பத்தோராவது வரிசைய மட்டும் கொஞ்சம் பாருங்க" என்றார்.

அது ஓர் அட்டவணை. வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி வைக்கும் சேமிப்புப் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் அட்டவணை. இந்தச் சனியனை அறியாத பாக்கியவான்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு ஜோடி செருப்பு வரும் அட்டைப்பெட்டி அளவில் ஒரு சாதனம். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க். இணைய வயரைச் செருகிவிட்டால் வீட்டிலுள்ள எல்லோரும் அவரவர் இடத்திலிருந்தே படங்களையும் வீடியோக்களையும் அதில் கொண்டுபோய்க் கொட்டலாம். உள்ளே ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொன்றில் அதே நகல் இருக்கும். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதானுக்கு நாற்பத்தோரு வரிசை. நாற்பத்தோராவது வரிசை, பெட்டியின் அடியில் உள்ள ரப்பர் காலின் உயரம்.

இந்த மனிதரை வைத்து ஒரு கதை எழுதி, கிழி கிழியென்று கிழித்துவிடுவது என்று அந்தக் கவளத்தை விழுங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

2

தொடக்கங்கள்.

ஒன்று: "அவர் ஒரு லிஃப்ட் பரிசோதகர். ஏற்றமும் இறக்கமும் நிறைந்த இந்த வாழ்க்கையில்" — இதற்கு மேல் ஒரு சொல் எழுதியிருந்தால் என்னை நானே அறைந்துகொண்டிருப்பேன். அடித்தாயிற்று.

இரண்டு: "ஏழு மாதமாக அந்த வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது." இது பரவாயில்லை.

மூன்று: "இரண்டு வருடத்துக்கு முன்பு என் தங்கை என்னிடம் ஒரு சின்ன" — வேண்டாம். இந்தக் கதைக்கு அது தேவையில்லை.

இரண்டாவதையே வைத்துக்கொள்வோம்.

3

ஏழு மாதமாக அந்த வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. பழைய டிஸ்க், சோப்புக் கட்டி அளவு. கணினியில் செருகினால் உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். தங்கையின் கணவரான லிஃப்ட் பரிசோதகர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது ரொம்ப நாள் தாங்காது" என்றார். சரியாகத்தான் சொன்னார். சத்தத்தை வைத்து இயந்திரத்தின் ஆயுளைச் சொல்வது அவர் தொழில்.

அந்த டிஸ்கில் இருந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோக்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆள், பரிசோதகரின் தம்பி. பிறவியிலேயே காது கேட்காதவன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சைகை மொழி படித்தவன் இல்லை. அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து தாங்களாகவே ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். அண்ணனுக்குப் பெயர், இரண்டு முஷ்டி, ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வரும். லிஃப்டும் அதன் எதிர் எடையும். என் தங்கைக்குப் பெயர், மூக்கைச் சுருக்குவது, ஏனென்றால் முதல் நாள் அவள் அப்படித்தான் சிரித்தாளாம். கல்யாணமாகி வந்த வீட்டில் அந்த மொழியைக் கற்றுக்கொள்ளத்தான் அவள் அவனை வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். ஒரு சைகைக்கு ஒரு வீடியோ. அது ஒரு அகராதி. அந்த மொழி பேசியவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு காய்ச்சலில், நான்கே நாளில், அவன் போய்விட்டான். அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்து ஒரு நகம்கூடச் சேதமாகாதவன்.

(எனக்கும் அவன் ஒரு பெயர் வைத்திருந்தான். வாய்க்கு முன்னால் கையை வைத்து, விரல்களை விடாமல் திறந்து மூடுவது. ஒரு சொல்கூடக் கேட்டிராதவனுக்கே நான் அதிகம் பேசுகிறவன் என்று தெரிந்திருக்கிறது. அந்த மொழியில் நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு சொல் மட்டும்தான்.)

ஆக, செய்ய வேண்டியது என்ன? சாகிற டிஸ்கிலிருந்து சாகாத ஒன்றுக்கு நகல் எடுக்க வேண்டும். என் தங்கை அதைத்தான் சொன்னாள்.

"ஏங்க, இப்போதைக்கு ஒரு பென் டிரைவ்ல போட்டு வைங்களேன்."

"பென் டிரைவா? அத நம்பி என் தம்பியப் போடச் சொல்றியா?"

"அப்ப எதையாவது ஒண்ணு வாங்குங்க."

"எதையாவதுன்னு வாங்குறதுக்கு இது என்ன துடைப்பமா?"

4

இந்த இடத்தில் நான் ஆராய்ச்சி செய்தேன் என்று காட்டிக்கொள்ள வேண்டும். கட்டுரை மாதிரி ஒரு பத்தி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டிகளைப் பற்றி எழுதுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களில் ஒருவன் நான்காயிரம் சொல் எழுதுவான். படம் போடுவான், கோடு கோடாக வரைபடம் போடுவான், பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைக் காட்டுவான். கடைசி வரியில், "எது சிறந்தது என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது" என்று முடிப்பான். அடப்பாவி, என் தேவை எனக்குத் தெரிந்தால் உன்னிடம் நான் ஏன் வருகிறேன்?

கட்டுரைக்குக் கீழே வாசகர்கள் வெட்டிக்கொண்டு சாவார்கள். கறுப்புப் பெட்டிக் கட்சி, சாம்பல் பெட்டிக் கட்சி என்று இரண்டு. கறுப்பு, எடுத்த எடுப்பில் வேலை செய்யும், ஆனால் மூடியைத் திறக்க முடியாது. சாம்பல், நமக்குப் பிடித்த டிஸ்கை நாமே வாங்கி மாட்டலாம், ஆனால் மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். முதல் கட்சி இரண்டாவதை வேலையற்றவர்கள் என்று ஏசும். இரண்டாவது முதலாவதைச் சோம்பேறிகள் என்று ஏசும். நடுவில் ஒருவன் எழுந்து, பழைய கணினி ஒன்று இருந்தால் போதும், இதையெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பான். உடனே இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து அவனை மொத்தும். இத்தனை பேரில் ஒருவன்கூட உள்ளே என்ன வைக்கப் போகிறாய் என்று கேட்டு நான் பார்க்கவில்லை.

பரிசோதகர் இதை எல்லாம் வாசித்தார். வாசித்து ஒரு வரிகூட நம்பவில்லை. அது மட்டும் எனக்கு அவரிடம் பிடித்தது. எழுதியவனை நம்பாதே, நீயே சோதித்துப் பார் என்பது அவர் தொழிலில் முதல் விதி.

அந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புது லிஃப்டில் யாரும் ஏறுவதற்கு முன்னால் பரிசோதகர் ஏறமாட்டார், இரும்புக் கட்டிகளை ஏற்றுவார். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. தாங்கும் என்று எழுதியிருக்கும் எடைக்கும் கொஞ்சம் கூடுதலாக ஏற்றி, வேகத்தை முறுக்கிவிட்டு, லிஃப்டை விழவிடாமல் நிறுத்தும் காப்புப் பிடி பிடிக்கிறதா என்று பார்ப்பார். பிடித்தால் கட்டிகள் ஒவ்வொன்றையும் எண்ணி இறக்கி, வெறும் பெட்டியாக்கி, அப்புறம்தான் கையெழுத்துப் போடுவார். எடை ஏற்று, சோதி, எடை இறக்கு, கையெழுத்துப் போடு. இருபத்து மூன்று வருடம் இந்த வரிசை மாறியதில்லை. அவர் கையெழுத்துப் போட்ட எந்த லிஃப்டும் விழுந்ததும் இல்லை.*

* இதைச் சொல்லும்போது எனக்கே அவர் மேல் மரியாதை வருகிறது. கிண்டல் கதைக்கு இது ஆகாது. பிறகு வெட்டிவிட வேண்டும்.

5

முதலில் கறுப்புப் பெட்டி வந்தது. முப்பது நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம் என்று ஓர் ஏற்பாடு. இப்படிப்பட்ட மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் அந்த ஏற்பாட்டை யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

ஒரு பெட்டியைச் சோதிக்க அதில் எடை ஏற்ற வேண்டும். வீட்டில் இருந்த எடை எது? இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோக்கள். டிக் டிக் டிஸ்கைச் செருகி, நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கி, நகலெடுத்தார். ஒன்பது மணி நேரம். முழுதாக ஏறியது. பிறகு வெளியூரிலிருந்து கேட்பதுபோல் வேறு இணைய இணைப்பிலிருந்து வீடியோக்களைப் பெட்டியிடம் கேட்டுப் பார்த்தார். தயாரித்த நிறுவனத்தின் உதவி இல்லாமல் அது பதில் சொல்ல மறுத்தது. மூன்று வரிசையில் தோல்வி.

"சரி, திருப்பி அனுப்பிடலாம்" என்று வீடியோக்களை அழிக்க உட்கார்ந்தார்.

என் தங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "எதுக்கு அழிக்கிறீங்க? அதான் எல்லாம் ஏறிடுச்சே. இதுலயே இருக்கட்டுமே."

"இது டெஸ்ட் லோடு."

"அது உங்க தம்பிங்க."

"டெஸ்ட் முடிஞ்சா எடைய இறக்கணும். இறக்காம எப்படித் திருப்பி அனுப்புறது?"

இறக்கினார். கறுப்புப் பெட்டி போனது.

இரண்டாவது, சாம்பல். மறுபடியும் டிக் டிக் டிஸ்க், மறுபடியும் கடிகாரம். பதினொன்றரை மணி நேரம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்கை உருவிப் பார்த்தார், பெட்டி அசரவில்லை. ஆனால் அதன் ஃபேன், மூக்கடைத்த ஆள் கூடத்தில் படுத்திருப்பதுபோல் இரைந்தது. இறக்கினார். சாம்பல் போனது.

மூன்றாவது, வெள்ளை. டிஸ்கை உருவியதும் ஊளையிட ஆரம்பித்தது, நிறுத்தத் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அதோடு நகலெடுக்கப் பதினைந்து மணி நேரம். 'வேகம் மோசம்' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். இறக்கினார். வெள்ளையும் போனது.

வாசகரே, ஒரு நிமிடம். ஒன்பது, பதினொன்றரை, பதினைந்து. உங்களுக்கு உறைத்திருக்கும். எனக்கு அந்த அட்டவணையைப் பார்த்த உடனே உறைத்தது. மெதுவாகிக்கொண்டே போனது பெட்டிகள் இல்லை, பழைய டிஸ்க். இருபத்து மூன்று வருடம் இயந்திரத்தின் மூச்சைக் கேட்டவருக்கு இது தெரியவில்லை. ஏனென்றால் சோதனையில் யாரும் இரும்புக் கட்டியைச் சோதிப்பதில்லை.

அப்படியானால் நான் அவரிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. "ரப்பர் கால் இன்னும் கொஞ்சம் உயரமா இருக்கலாம் மாப்ள" என்று சொன்னேன். தங்கை சிரித்தாள். எனக்குக் கதைக்கு நல்ல வசனம் கிடைத்தது. இன்னொரு காரணமும் இருந்தது, தான் அவ்வளவு கவலைப்பட வேண்டிய அவசியம் இல்லை என்று தங்கை நினைத்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் என்னிடம் ஒரு

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் இன்னொன்றும் நடந்தது. எழுதாமல் விட்டிருந்தேன். கைபேசியை உள்ளே வைத்துவிட்டுப் பரிசோதகர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம், "'நாளைக்கு'ன்னு அவன் எப்படிக் காட்டுவான்? சுண்டுவிரலா, மோதிரவிரலா?" என்று கேட்டார்.

"மோதிரவிரல்தான். இல்ல... இருங்க." அவளும் தன் கையைப் பார்த்தாள்.

"சரி விடு. வீடியோல பாத்துக்கலாம்."

6

இதுவரை நீங்கள் வாசித்ததெல்லாம் வியாழக்கிழமைக்குள் எழுதியது. நான்காவது பெட்டி வந்துவிட்டது என்று தெரியும். அது நாற்பத்தோரு வரிசையிலும் தேறும், பரிசோதகர் நாற்பத்திரண்டாவது வரிசை ஒன்றைக் கண்டுபிடித்து அதையும் திருப்பி அனுப்புவார், இப்படியே உலகம் அழியும்வரை பெட்டிகள் வந்து போகும், என்று சிரிக்கச் சிரிக்க முடிப்பதாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, போச்சுண்ணா."

"எது போச்சு?"

"எல்லாம் போச்சு."

நடந்தது இதுதான். நான்காவது பெட்டி நிஜமாகவே தேறிவிட்டது. எல்லா வரிசையிலும். முழு எடையோடு இரண்டு நாள் ஓடியது, டிஸ்கை உருவினால் உடனே சொன்னது, ஊளையிடவில்லை. பரிசோதகர் அதை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்த பின் என்ன செய்ய வேண்டும்? எடையை இறக்க வேண்டும். இறக்கினார். அதுவும் மேலோட்டமாக இல்லை, டிஸ்கின் மூலை முடுக்கெல்லாம் சுழியம் எழுதி, எட்டு மணி நேரம் துடைத்து, துளி மிச்சமில்லாத புத்தம் புதுப் பெட்டியாக்கினார். அட்டவணையின் அடியில் கையெழுத்துப் போட்டார். குளித்துவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, நிஜ நகல் எடுப்பதற்காகப் பழைய டிஸ்கைச் செருகினார்.

டிக். டிக். பிறகு சீப்பின் பல்லை நகத்தால் வருடுவதுபோல் ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

டிஸ்கிலிருந்து தகவல் மீட்டுத் தருகிறவர் ஒருவரிடம் கொண்டு போனார்களாம். அவர் திறந்து விளக்கில் காட்டினாராம். "பாருங்க சார், தட்டு முழுக்கக் கோடு. சொரண்டி எடுத்துடுச்சு. நான் மட்டும் இல்ல, யாராலயும் எடுக்க முடியாது." வீடியோ எடுத்த கைபேசி எப்போதோ உடைந்து போனது.

நான்கு முறை அந்தத் தம்பி பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். நான்கு முறையும் அண்ணன் தன் கையாலேயே இறக்கிவிட்டார். இதைவிட முட்டாள்தனமான ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தங்கை இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளைண்ணா, உங்கிட்ட ஒண்ணு இருக்கு."

இப்போது அந்த மூன்றாவது தொடக்கத்தை எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் தங்கை என்னிடம் ஒரு சின்ன டிஸ்கைக் கொடுத்தாள். தம்பி இறந்த பத்தாம் நாள். "வேற வீட்ல ஒண்ணு இருக்கட்டும்ணா. நம்ம வீடு தீப்பிடிச்சா என்ன பண்றது?" என்றாள். ஆயிரம் கட்டுரை வாசித்த பரிசோதகரின் அட்டவணையில் இல்லாத நாற்பத்திரண்டாவது வரிசை அதுதான். எதையும் வாசிக்காமல் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது. டிஸ்கை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன்.

போன வருடம் என் கணினியில் இடம் பற்றவில்லை. என்னுடைய வரைவுகள், வரைவுகளின் வரைவுகள், பாதியில் விட்ட மூன்று நாவல்கள். இழுப்பறையில் டிஸ்க் இருந்தது. செருகினேன். 'தம்பி' என்று ஒரு கோப்புறை. அசல்தான் அவர்கள் வீட்டில் இருக்கிறதே, பிறகு ஒருநாள் கேட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வீடியோவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. முழுவதையும் அழித்து என்னுடையதைப் போட்டேன். அதற்கு மேல் இந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை எழுதி, அழித்து, எழுதியிருப்பேன்!

அவர் ஏழு மாதம் யோசித்தார். எனக்கு நான்கு வினாடி ஆனது.

"இருக்குல்லண்ணா?" என்றாள்.

வாய்க்கு முன்னால் கையைத் திறந்து மூடிக் காட்டும் அளவுக்குப் பேசுகிறவன் நான். "ம்" என்றேன்.

"அவர்கிட்ட இவ்வளவு நாள் சொல்லல. சொன்னா அதையும் வாங்கி டெஸ்ட் பண்ணுவார்ல. இப்பதான் சொன்னேன். அப்படியே தரையில உக்காந்துட்டார்ணா. இரு, பேசணுமாம்."

பரிசோதகர் குரல் வந்தது. "மச்சான், ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றோம். பெட்டியையும் கையோட எடுத்துட்டு வந்துடறேன். இந்தத் தடவ டெஸ்ட்டெல்லாம் ஒண்ணும் கிடையாது. நேரா காப்பி."

7

ஞாயிறு. மணி பத்தாகப் பத்து நிமிடம். முடிவுகள்.

முடிவு ஒன்று: என் டிஸ்கையும் அதே மீட்பவரிடம் கொண்டு போகிறோம், ஒரே ஒரு வீடியோ கிடைக்கிறது, அதில் தம்பி 'நாளைக்கு' என்று காட்டுகிறான். எல்லோரும் அழுகிறோம். இப்படி எழுதுகிறவனை மண்டையில் போட வேண்டும். நான் நேற்றே கொண்டு போய்க் கேட்டுவிட்டேன். ஒன்றும் இல்லை.

முடிவு இரண்டு: "டிஸ்க் கெட்டுப் போச்சு மாப்ள" என்று பொய் சொல்கிறேன். அவர் அதைக் காதில் வைத்துக் கேட்பார். நன்றாக இருக்கும் இயந்திரத்தின் சத்தம் அவருக்குத் தெரியும்.

முடிவு மூன்று: டிஸ்கை ஒன்றும் பேசாமல் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் பெட்டியில் செருகுகிறார். தம்பிக்குப் பதிலாக என் வரைவுகள் வரிசையாக ஏறுகின்றன. நாற்பத்தோரு சோதனையில் தேறிய பெட்டியில், ஒன்றுக்கு இரண்டு நகலாக, மிகப் பத்திரமாக. அவற்றில் கடைசிக் கோப்பு இந்தக் கதை. ஆமாம், இதையும் அந்த டிஸ்கில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்படியானால், மாப்பிள்ளை, நீங்கள் இதை முதல் வரியிலிருந்து வாசித்திருப்பீர்கள். உங்கள் அட்டவணையைப் பார்த்து நான் எவ்வளவு சிரித்தேன் என்றும் தெரிந்திருக்கும்.

முடிவு நான்கு: கதவைத் திறந்ததும் நானே

எழுத வரவில்லை. வரும் என்றுதான் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாக்கியம் போதும் என்று எனக்குத் தெரியும், எந்த வாக்கியம் என்றும் தெரியும், அதைச் சொல்லாமல் இருக்கத்தான் ஏழு பகுதி எழுதியிருக்கிறேன். அவருடைய நாற்பத்தோரு வரிசையை நான் இனி ஒன்றும் சொல்வதற்கில்லை.

கீழே லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்கிறது. என் வீடு ஐந்தாம் தளம். இரண்டாம் தளத்தில் நிற்கிறது, மறுபடி கிளம்புகிறது. அவர்தான். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் நடுவில் ஒருமுறை நிறுத்தி, காலால் லேசாக மிதித்துப் பார்க்காமல் அவருக்கு வரத் தெரியாது. இன்று ஒரு கையில் பெட்டியும் இருக்கும்.

லிஃப்ட் கதவு திறக்கிறது. தங்கையின் குரல். அவர் ஏதோ சொல்கிறார், அவள் சிரிக்கிறாள், மூக்கைச் சுருக்கித்தான் சிரித்திருப்பாள். என் வலது கை மேசையிலிருந்து எழுந்து, நான் சொல்லாமலே, வாய்க்கு முன்னால் வந்து திறந்து திறந்து மூடுகிறது.

இந்த நான்கில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது இருந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். எதை எடுத்தாலும் அவர்கள் இருவரும் அந்த 'நாளைக்கு' சுண்டுவிரலா மோதிரவிரலா என்று தெரியாமலேயேதான் வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள்.

வாசல் மணி அடிக்கிறது. இரண்டாம் முறையும் அடிக்கிறது. நான் கோப்பைச் சேமிக்கிறேன்.